அசல் எங்கே, யுவர் ஆனர்?

கடன் தொகை 3,000 டுகாட். தவணை மூன்று மாதம். வட்டி... ஒரு பைசா கிடையாது! சொத்துப் பத்திரம் கேட்கவில்லை, சம்பளச் சான்றிதழ் கேட்கவில்லை. எந்த பாங்க் மானேஜராவது இப்படிக் கொடுப்பாரா, ஸார்? பெர்சனல் லோனுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் கையைத் தூக்கலாம்.

இந்தக் கடனைக் கொடுத்தவர் சாட்சாத் ஷைலக். நானூறு வருஷத்துக்கு மேலாக 'ஈவிரக்கமில்லாத வட்டிக்காரன்' என்று உலகம் பூராவும் பெயர் வாங்கிய அதே ஆசாமி.

ஷேக்ஸ்பியர் 1596-97 வாக்கில் எழுதிய 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பணக்காரப் பெண் போர்ஷியாவைக் கைப்பிடிக்க பஸானியோவுக்குப் பணம் வேண்டும். சிநேகிதன் அன்டோனியோவின் பணமெல்லாம் கப்பலில் சரக்காக மிதக்கிறது. ஆகவே அன்டோனியோ ஷைலக்கிடம் கடன் வாங்கித் தருகிறார். குறித்த நாளில் திருப்பித் தராவிட்டால் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை. (453 கிராம் சொச்சம்!)

2009-ல், பி.காம். கடைசி வருஷம், எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் அந்த ஷைலக் அடியேன்தான்.

காமர்ஸ் பையனுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஆங்கில இலக்கியப் பையன்கள் அத்தனை பேரும் பஸானியோ வேஷத்துக்கே அடித்துக்கொண்டார்கள். ஷைலக்குக்கு ஆள் இல்லை. "வட்டிக் கணக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் வாங்கடா!" என்று ஆங்கிலப் பேராசிரியர் எங்கள் கிளாஸ் வாசலில் வந்து நிற்க, கடைசி பெஞ்ச் ஏகமனதாக என்னைத் தள்ளிவிட்டது.

அன்டோனியோ ஒரு கபடி வீரன். ஒரு பவுண்டு என்ன, பத்துப் பவுண்டு எடுத்தாலும் தெரியாது. ஆண்கள் கல்லூரி என்பதால் போர்ஷியா, தாவரவியல் இரண்டாம் ஆண்டு. மீசையை எடுக்க மாட்டேன் என்று ஒரே அடம். "எங்கப்பா கல்லு மாதிரி இருக்கார் ஸார். மீசை இல்லாம ஊருக்குப் போனா என்ன நினைப்பாங்க?" நியாயம்தானே! ஷேக்ஸ்பியர் காலத்திலும் பெண் வேஷத்துக்குப் பையன்கள்தான் என்று பேராசிரியர் சரித்திரம் சொல்லிக் கெஞ்சியபிறகு மீசை போயிற்று.

நாடகம் தமிழில்தான். தமிழய்யாவும் ஆங்கிலப் பேராசிரியரும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். (இது ஒன்றும் புதுசில்லை. பம்மல் சம்பந்த முதலியார் எப்போதோ இதை 'வாணீபுர வணிகன்' ஆக்கிவிட்டார்.)

ஷைலக்குக்கு மாடல் தேடி நான் எங்கும் போகவில்லை. அப்பாவின் மளிகைக்கடைக்கு வாராவாரம் ஒருத்தர் வருவார். சத்தம் போடமாட்டார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸைப் பார்ப்பார். அவ்வளவுதான். அவர் எழுந்து போகிறவரை பொட்டலம் மடிக்கும் அப்பாவின் கை நிதானத்தில் இருக்காது. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அப்பா போலீசுக்குப் போகிற ஆள் இல்லை. "வாங்கினோம்ல? குடுக்கணும்ல?" என்பார். அந்த பெஞ்சு உட்காரலை அப்படியே மேடைக்குக் கொண்டு போனேன்.

கோர்ட் சீனில் சதையை நிறுக்கத் தராசை ஷைலக்கே கொண்டு வருவார். அதற்கும் அப்பாவின் பழைய கைத்தராசுதான். "பத்திரமாக் கொண்டாந்துரு" என்று சொன்னவர், நம்பிக்கையில்லாமல் நாடகத்துக்கே கிளம்பி வந்துவிட்டார்.

மொத்தம் 20 காட்சியில் ஷைலக் வருவது வெறும் ஐந்தில். ஆனால் அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்யச் செய்ய எனக்கு ஆசாமி மேல் கோபம் வரவில்லை. கடன் கேட்கிற அன்டோனியோவே முன்னால் இவர்மேல் காறித் துப்பியவர், நாய் என்றவர். வெனிஸில் யூதர்களுக்கென்று 1516-ல் தனிப் பேட்டை ஒதுக்கி, ராத்திரியானால் வாசலைப் பூட்டினார்கள். பெரும்பாலான தொழிலை அடைத்துவிட்டு, வட்டிக்கு விடுகிறான் என்று ஏச்சு வேறு! ஷேக்ஸ்பியரின் அப்பா ஜானே 1570-ல் அதிக வட்டி வாங்கியதாக வழக்கில் மாட்டியவர்தான். அவரை யாரும் நாடகம் போடவில்லை.

பெற்ற மகள் நகையும் பணமுமாக ஓடிப்போகிறாள். செத்துப்போன மனைவி கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த மோதிரத்தை விற்று ஒரு குரங்கு வாங்குகிறாள். குரங்கு என்றதும் ஒத்திகையில் தினமும் சிரிப்பு. அந்த வசனத்தைச் சொல்லும்போது மட்டும் எனக்குத் தொண்டை ஒத்துழைக்காது.

ஒருநாள் எங்கள் வணிகச் சட்டப் பேராசிரியர் ஒத்திகையை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் கேஸ் நம்ம முன்சீப் கோர்ட்ல ரெண்டு நிமிஷம் நிக்காதுடா!"

வாஸ்தவம். 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23: ஒருவர் உடம்புக்குக் கேடு செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பிரிவு 74: அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டஈடுதான். அசலைக் கொடு, தாமதத்துக்கு ஏதாவது கொடு, வீட்டுக்குப் போ... நாடகம் முடிந்தது! போர்ஷியாவோ பத்திரம் செல்லும் என்று ஒப்புக்கொண்டு, சதையை வெட்டு, ரத்தம் மட்டும் சிந்தாதே என்கிறாள். அதே 1872-ல் ருடால்ஃப் ஃபான் யெரிங் என்ற ஜெர்மன் சட்ட மேதை இதைப் பித்தலாட்டம் என்றே எழுதினார். சதைக்கு அனுமதி கொடுத்தால் ரத்தத்துக்கும் கொடுத்ததாகத்தானே அர்த்தம்?

அதோடு விட்டார்களா? அன்னியன் ஒருவன் வெனிஸ்காரன் உயிருக்குக் குறிவைத்தால் சொத்துப் பறிமுதல் என்று இன்னொரு சட்டத்தை உருவுகிறார்கள். உயிர்ப்பிச்சைக்கு நிபந்தனை: மதம் மாறவேண்டும், மிச்சம் மீதியை ஓடிப்போன மகளுக்கும் மருமகனுக்கும் எழுதி வைக்கவேண்டும். உடம்பு சரியில்லை, போகவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு ஷைலக் வெளியேறுகிறார். அப்புறம் வருவதேயில்லை.

விழாவன்று அந்த இடத்தில் ஆடிட்டோரியம் விசிலில் அதிர்ந்தது. மேடை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பதினைந்து தப்படி. தராசைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எவனோ எறிந்த கடலைப் பொட்டலம் தோளில் பட்டு விழுந்தது. குனிந்து பார்க்காமல் நடந்தேன். ஷைலக்குக்குப் பழக்கமானதுதானே!

ராத்திரி கடைசி பஸ். தராசை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்:

"ஏண்டா, அந்த வியாபாரியோட கப்பல் மூணும் கடைசில பத்திரமா வந்துருச்சுன்னாங்கள்ல?"

"ஆமாப்பா."

"அப்ப அந்த மூவாயிரத்தை யாராச்சும் திருப்பிக் குடுத்தாங்களா?"

யாரும் கொடுக்கவில்லை! இரண்டு மடங்கு தருகிறேன் என்று பஸானியோ கோர்ட்டில் நீட்டிய பணமும் அவன் பையோடு போயிற்று. காமர்ஸ் டிபார்ட்மென்ட் மொத்தமும் உட்கார்ந்து பார்த்த நாடகத்தில் கடைக்கார அப்பா ஒருத்தர்தான் இதைக் கேட்டார்.

"அவன்தான் அசல் வேண்டாம், சதைதான் வேணும்னு கோர்ட்லயே சொல்லிட்டானேப்பா. அதனால கிடையாதுன்னுட்டாங்க."

"அவன் கோவத்துல சொன்னான். இவங்க வாங்கினது வாங்கினதுதானே?" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2011-ல் எங்கள் கடன் ஒருவழியாக முடிந்தது. பெஞ்சுக்காரர் நோட்டில் குறுக்குக்கோடு போட்டார், பிராமிசரி நோட்டைத் திருப்பித் தந்தார். அப்பா அதை நாலாகக் கிழித்துவிட்டு, "அண்ணாச்சிக்கு ஒரு காபி வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார். 

சர்க்கரை வேண்டாம் என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஷுகராம்.