புகைக்கு மட்டும் சோதனை

பழைய சக்கரங்கள் – 9

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கி வரும் வீதி, அவிசாவளை–ஹட்டன் வீதியோடு சேரும் இடம் கரவனெல்ல. இங்கிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல தாண்டி கினிகத்தேனைக்குப் போகும் பாதையில் வளைவுக்கும் மழைக்கும் குறைவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மழை நாளில் இந்த இறக்கத்தில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்தாலே போதும். ஆனால் வருடாந்தப் பரிசோதனையில் யாரும் அந்த பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வருடத்துக்கொரு சோதனை என்றால், அது எமிஷன் டெஸ்ட் ஒன்றுதான். 2008 இறுதியில் மேல் மாகாணத்தில் தொடங்கிய நடைமுறை, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. எமிஷன் சான்றிதழும் காப்புறுதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் லைசன் எடுத்துவிடலாம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் கேட்கிற தகுதிச் சான்றிதழைத் தனியார் பைக்குக்கு யாரும் கேட்பதில்லை.

எமிஷன் நிலையத்தில் சூடான எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, சைலன்சருக்குள் ஒரு குழாயை விடுவார்கள். புகையில் கார்பன் மொனொக்சைட் எவ்வளவு, எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று கருவி காட்டும். பழைய பைக்குகள் தடுக்கி விழுவது இங்கேதான். கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் கிடையாது. பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது காபரேட்டர். மிதவை ஊசி தேய்ந்தால் பெற்றோல் கூடும், எயார் பில்டர் அடைத்தால் காற்றுக் குறையும். இரண்டிலும் கார்பன் மொனொக்சைட் ஏறும், பிளக் கறுத்துப்போகும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வேறொரு சிக்கல். புதிதாக உள்ளே வரும் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. எவ்வளவு டியூன் செய்தாலும் அதை முழுதாக நிறுத்த முடியாது, எஞ்சினின் அமைப்பே அப்படி.

2022 பொருளாதார நெருக்கடி இந்த வண்டிகளை இன்னும் சோதித்தது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது பைக்குக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல்தான். ஓடாமல் நின்ற வண்டிகளின் காபரேட்டரில் பெற்றோல் காய்ந்து பிசினாகி, ஜெட்டின் நுண்ணிய துளைகளை அடைத்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் பழைய பைக்கைத் தேற்றி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சோதனை நெருங்கினால் கராஜ்களில் ஒரே பேச்சுத்தான். "எமிஷனுக்குத்தானே தம்பி? ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிடுறேன், பாஸாகிடும். முடிஞ்சதும் கொண்டு வாங்க, பழையபடி வெச்சுத் தர்றேன்." கலவை ஸ்க்ரூவைத் திருப்பிப் பெற்றோலைக் குறைத்தால் அன்றைக்குப் புகை அடங்கும். அப்படியே விட்டால் வண்டி முறுக்கும்போது திணறும். பழையபடி திருப்பினால் புகையும் பழையபடி வரும். சான்றிதழ் மட்டும் ஒரு வருடத்துக்குச் செல்லும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானில் 250 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். 250க்கும் அதற்குக் கீழும் விலக்கு. அங்கே 250 சிசி வகை அத்தனை செழித்ததற்கு இந்த விலக்கும் ஒரு காரணம். ஹொண்டா 1990இல் கொண்டுவந்த சிபிஆர்250ஆர்ஆர் அந்தக் காலத்துப் பிள்ளை. நான்கு சிலிண்டர், நான்கு காபரேட்டர், மீற்றரில் சிவப்புக் கோடு தொடங்குவது நிமிடத்துக்கு 19,000 சுற்றில். சொந்த நாட்டில் கட்டாயப் பரிசோதனையே காணாத இந்த வகை வண்டி, நம் நாட்டுக்கு வந்தால் வருடா வருடம் எமிஷனுக்கு நிற்க வேண்டும். நான்கு காபரேட்டரும் ஒத்துப்போகாவிட்டால் சும்மா ஓடும்போதே எஞ்சின் தடுமாறும், புகையும் கெடும்.

பிரித்தானியாவின் வழி நேரெதிர். 1960இல் தொடங்கிய எம்ஓடி சோதனையில் பைக்கின் பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், முன் போர்க், செயின் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். டயரின் அகலத்தில் முக்கால் பங்குக்காவது 1 மில்லிமீற்றர் பூ இருக்க வேண்டும். கார்களின் புகையை அளக்கும் அந்தச் சோதனை, பைக்கின் புகையை அளப்பதில்லை. அவர்கள் பைக்கில் பார்க்காததை நாம் பார்க்கிறோம். அவர்கள் பார்ப்பதையெல்லாம் நாம் விட்டுவிடுகிறோம்.

புகைச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வீதியோரம் நடந்து வரும் பிள்ளைகள் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். ஆனால் முப்பது வருடப் பழசான, வேகத்துக்கென்றே செய்த வண்டியில் ஓட்டுகிறவரின் உயிர் தங்கியிருப்பது ரப்பரில். பிரேக் குழாய் ரப்பர், போர்க்கின் ஒயில் சீல் ரப்பர், டயர் ரப்பர். வெட்டிய பாலை ஷீட்டாக்கிப் புகைபோட்டு வாழ்கிற தோட்டத்து மக்களுக்கு, ரப்பர் வெயிலிலும் வயதிலும் கெடும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2311 என்றிருந்தால் அது 2011ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈர வீதியில் பிடிக்காது. போர்க் சீல் கசிந்தால் ஒயில் வழிந்து பிரேக் வரைக்கும் போகலாம். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீளமான இறக்கத்தில் அது சூடேறிக் கொதித்தால், லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது.

இதையெல்லாம் பார்க்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு டோர்ச், டயர் பூவின் ஆழம் பார்க்கும் ஒரு சிறிய அளவுகோல், பழகிய இரண்டு கைகள் போதும். வண்டி எப்படியும் வருடத்துக்கொரு முறை எமிஷன் நிலையத்துக்கு வருகிறது. அதே இடத்தில், அதே நேரத்தில் பிரேக்கையும் டயரையும் விளக்கையும் பார்த்து ஒரு தாளில் குறித்துக் கொடுக்கும்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒழுங்கு செய்ய வேண்டும். முதல் இரண்டு வருடங்களுக்கு அது எச்சரிக்கைத் தாளாக மட்டும் இருக்கட்டும். எடுத்த எடுப்பில் லைசனை மறுத்தால், வேலைக்குப் போக அந்த ஒரு பைக்கை நம்பியிருக்கும் குடும்பம்தான் அடிபடும். குறையைச் சொல்லி, சரிசெய்ய அவகாசமும் கொடுத்தால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

அதுவரை பொறுப்பு நம்முடையது. எமிஷனுக்குப் போகிற நாளையே வண்டியின் முழுச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் ஸ்க்ரூவைத் திருப்பச் சொல்வதற்கு முன், பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடமாகிவிட்டதா என்று கேளுங்கள்.

அடுத்த வாரம்: பழைய பைக்குக்கு உதிரிப்பாகம் தேடுவது எப்படி? அசல் எது, போலி எது?