ஒரு வார்த்தையை மாத்த 66 வருஷம்!

காலேஜ் முடிச்சு டி.சி. வாங்கும்போது முதல்ல எதைப் பார்ப்பீங்க? பேரு, இனிஷியல் சரியா இருக்கானு பார்ப்பீங்க. அப்புறம் கண்ணு தானா ஒரு கட்டத்துல போய் நிக்கும். 'நடத்தை'! எச்.ஓ.டி.யோடு முறைத்துக்கொண்டவன், மாஸ் கட் அடித்தவன், ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்தவன் என எல்லோருக்கும் அங்கே 'நன்று' என்றுதான் எழுதியிருக்கும். 'அப்பாடா' என்று ஃபைலில் வைத்துவிட்டு மறந்துவிடுவோம்.

அந்தக் கட்டத்தில் வேறு ஒரு வார்த்தை இருந்து, அதை ஒவ்வொரு இன்டர்வியூவிலும் எடுத்து நீட்ட வேண்டியிருந்தால்? அமெரிக்காவில் பட்டாளத்தை விட்டு வந்த லட்சக்கணக்கானவர்களின் கதை இதுதான்.

அங்கே ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். டி.டி.-214 என்று பெயர். எந்தப் பிரிவில் இருந்தார், எத்தனை வருஷம், என்னென்ன மெடல் எல்லாம் அதில் இருக்கும். கூடவே, எந்த மாதிரி டிஸ்சார்ஜ் என்று ஒரு கட்டம். 'ஹானரபிள்' என்றிருந்தால் கவலையே இல்லை, கௌரவமாக விடைபெற்றவர். ஒரு படி கீழே 'ஜெனரல்'. அதற்கும் கீழே 'அதர் தேன் ஹானரபிள்'. அப்புறம் 'பேட் கான்டக்ட்', அதலபாதாளத்தில் 'டிஸ்ஹானரபிள்'.

கடைசி இரண்டும் ராணுவக் கோர்ட் விசாரித்துக் கொடுக்கும் தண்டனை. வம்பே நடுவில் இருக்கும் 'அதர் தேன் ஹானரபிள்'லதான். அதற்குக் கோர்ட்டே வேண்டாம், ஆபீஸ் ஃபைலிலேயே முடித்துவிடலாம். 'கோர்ட் மார்ஷல்னு போனா ஜெயில். இதுல ஒரு கையெழுத்துப் போட்டா நேரா வீடு' என்று 19 வயசுப் பையனிடம் சொன்னால் அவன் எதை எடுப்பான்? நாமளா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்போம்!

வீட்டுக்கு வந்தபிறகுதான் பில் வரும். பட்டாளத்தில் இருந்தவர்களைக் காலேஜில் படிக்க வைக்க 1944-ல் கொண்டுவந்த 'ஜி.ஐ. பில்' சலுகை, இன்றைக்கு 'ஜெனரல்' வாங்கியவருக்கேகூடக் கிடையாது. அதற்கும் கீழே போனால் ஆஸ்பத்திரி, ஊனத்துக்கான உதவித்தொகை, வீட்டுக் கடன் எல்லாமே சந்தேகம்தான். வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதலாளி தாளைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடி தாளைப் பார்ப்பார். அவ்ளோதான். பட்டாளத்து பாஷையில் இதற்கு 'பேட் பேப்பர்' என்று பெயர்.

இதை மாத்தவே முடியாதா? முடியும். எவ்வளவு நாளாகும் என்பதற்கு டார்சி வில்லிஸ் என்ற மனிதரின் கதையைக் கேளுங்க.

1906. டெக்சாஸ் மாநிலத்தின் எல்லை ஊரான பிரவுன்ஸ்வில். அங்கே உள்ள கோட்டைக்கு 25-வது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் வந்து சேர்கிறார்கள். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு வந்த நாளிலிருந்தே இவர்களைப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் தெருவில் சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு. மதுக்கடை ஊழியர் ஒருவர் செத்துப் போகிறார், ஒரு போலீஸ் அதிகாரிக்குக் கையே போகிறது. 'பட்டாளத்துப் பசங்கதான் சுட்டாங்க' என்று ஊரே கை நீட்டியது. அவர்களின் வெள்ளைக்கார அதிகாரிகளோ, பசங்க எல்லோரும் அந்த நேரம் கோட்டைக்குள்தான் இருந்தார்கள் என்றார்கள். உள்ளூரில் நடந்த விசாரணையில் ஒருத்தர் மேல்கூடக் குற்றம் பதிவாகவில்லை.

ஆனால் ராணுவ விசாரணை அதிகாரிகள் ஒரு விநோதமான முடிவுக்கு வந்தார்கள். யார் சுட்டது என்று கேட்டால் எல்லோருமே 'தெரியாது' என்கிறார்கள். அப்படியானால் கூட்டுச் சேர்ந்து மறைக்கிறார்கள்! நிஜமாவே தெரியாத ஒருத்தன் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? க்ளாஸில் யாரோ விசில் அடித்ததற்கு மொத்த க்ளாஸையும் வெளியே அனுப்பும் லாஜிக்தான். இங்கே அனுப்பியவர் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். ஒரே கையெழுத்தில் 167 பேரை கௌரவமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார். விசாரணை இல்லை, வக்கீல் இல்லை. அந்த உத்தரவு வெளியே வந்ததும் நவம்பர் தேர்தலில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான்! மனுஷன் கணக்கு அப்படி.

அந்த 167 பேரில் ஒருத்தர்தான் வில்லிஸ். அப்போது வயசு 20. ராணுவத்துக்குள் திரும்ப முடியாது, அரசாங்க வேலைக்கும் வழியில்லை. மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு சலூனில் தரையைக் கூட்டி, ஷூவுக்கு பாலிஷ் போட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். நடுவில் 1910-ல் 14 பேரை மட்டும் திரும்பச் சேர எடுத்துக்கொண்டார்கள். அதில் இவர் பேர் இல்லை.

1970-ல் ஜான் வீவர் என்ற எழுத்தாளர் பழைய ரெக்கார்டுகளையெல்லாம் தோண்டி இந்தச் சம்பவம் பற்றிப் புத்தகம் எழுதினார். அதைப் படித்த கலிஃபோர்னியா எம்.பி. அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் மசோதா கொண்டுவர, 1972-ல் ராணுவம் இறங்கிவந்தது. அத்தனை பேருக்கும் 'ஹானரபிள்'! ஆனால் அதைக் கையில் வாங்க ஆள் வேணுமே? பெரும்பாலானவர்களுக்கு அது செத்தபிறகு வந்த கௌரவம். வில்லிஸ் இருந்தார். 1973 பிப்ரவரியில், தன் 87-வது பிறந்தநாளில், மினியாபொலிஸ் சர்ச் ஒன்றில் அந்தத் தாளை வாங்கினார். நஷ்டஈடாக வந்தது 25,000 டாலர். 66 வருஷத்துக்கு வகுத்துப் பாருங்க, மாசத்துக்கு முப்பத்திச் சொச்சம் டாலர்தான் வரும். 1977-ல் இறந்துபோனார்.

'அது அந்தக் காலம் பாஸ்' என்கிறீர்களா? வியட்நாமுக்கு வருவோம். போரிலிருந்து வந்த பசங்க பலருக்குத் தூக்கம் இல்லை. ராத்திரியில் அலறல், திடீர்க் கோபம், குடி, போதை, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது. அதிகாரிகள் கண்ணுக்கு இது ஒழுங்கீனம். பிடி 'பேட் பேப்பர்', நடையைக் கட்டு! பி.டி.எஸ்.டி. என்ற வியாதியின் பெயர் அமெரிக்க மனநல டாக்டர்களின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். 1971-ல் வெளியே அனுப்பப்பட்டவனின் மெடிக்கல் ரெக்கார்டில் அந்தப் பெயர் எப்படி இருக்கும்? 'உனக்கு அந்த வியாதி இருந்ததுக்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்டே போர்டுகள் வருஷக்கணக்காக விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின.

இங்கேதான் நம்ம செட் ஆளுங்க வர்றாங்க. யேல் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில், முன்னாள் ராணுவத்தினருக்காக ஸ்டூடண்ட்ஸ் நடத்தும் இலவச வழக்கு மையம் ஒன்று உண்டு. பேராசிரியர்கள் மேற்பார்வை பார்க்க, மனு எழுதுவது, டாக்டரைப் பிடிப்பது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் மாணவர்களே. 2014 மார்ச்சில், கான்லி மங்க் என்ற முன்னாள் மரைன் படை வீரரையும் இன்னும் சில வியட்நாம் வீரர்களையும் முன்னால் நிறுத்தி வழக்குப் போட்டார்கள். இவர்களைப் போலத் தாள் வாங்கிய வியட்நாம் காலத்து ஆட்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் என்பது அந்த வழக்கில் சொல்லப்பட்ட கணக்கு.

ஆறே மாசம். செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பி.டி.எஸ்.டி. என்று வரும் விண்ணப்பங்களைத் தாராள மனசோடு பாருங்க என்பதுதான் சாராம்சம். (ஹேகலே வியட்நாமில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்தான்.) 2013-ல் ராணுவ போர்டில் இந்த ரக விண்ணப்பங்கள் நூற்றுக்கு நாலுகூட ஜெயிக்கவில்லை. சுற்றறிக்கைக்குப் பிறகு அது 45 ஆனது! வழக்குப் போட்ட ஐந்து வீரர்களுக்கும் 2015-ல் டிஸ்சார்ஜ் மாறியது. 2017-ல் தலையில் அடிபட்டவர்களுக்கும், ராணுவத்துக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் இதே சலுகையை விரித்தார்கள்.

அதற்காக எல்லாம் ஈஸி ஆகிவிட்டது என்று நினைக்காதீங்க. வெளியே வந்து 15 வருஷத்துக்குள் என்றால் ஒரு போர்டு, ஒரு ஃபார்ம். தாண்டிவிட்டால் வேறு போர்டு, வேறு ஃபார்ம். தப்பு நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருக்குத்தான். கூட இருந்த சிப்பாயைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கணும், பழைய ஃபைல் எடுக்கணும். அந்த ஃபைலும் சிலருக்குக் கிடையாது. வில்லிஸ் தாள் வாங்கிய அதே 1973-ல், ஜூலை மாசம், செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ராணுவ ஆவணக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையை விட்டு வந்தவர்களின் ஃபைல்களில் சுமார் 80 சதவிகிதம் சாம்பல். நகல் எடுத்து வைக்கவில்லை.

எப்போதாவது அரசாங்கமே தேடி வருவதும் உண்டு. ஓரினச் சேர்க்கையாளர் என்று தெரிந்தால் வெளியே அனுப்பும் சட்டம் 2011-ல்தான் ஒழிந்தது. அதில் மாட்டியவர்களின் ஃபைல்களைப் பாதுகாப்புத் துறை தானாகவே எடுத்துப் பார்த்து, 2024 அக்டோபரில் 800-க்கும் மேற்பட்டவர்களுக்கு 'ஹானரபிள்' கொடுத்தது. அவர்கள் விண்ணப்பமே போடவில்லை.

விண்ணப்பம் போட ஆளே இல்லாத கேஸும் ஒன்று இருக்கு. 1917-ல் ஹூஸ்டனில் நடந்த கலவரத்துக்காக 24-வது காலாட்படையின் கறுப்பின வீரர்கள் 110 பேருக்கு ராணுவக் கோர்ட் தண்டனை கொடுத்தது. 19 பேருக்குத் தூக்கு. அதில் 13 பேரை டிசம்பர் 11-ம் தேதி ஒரே விடியற்காலையில் முடித்துவிட்டார்கள், மேல்முறையீட்டுக்குக்கூட நேரம் தராமல். இவர்களுக்காக மனுப் போட்டதும் ஹூஸ்டனில் உள்ள ஒரு சட்டக் கல்லூரிதான். 2023 நவம்பரில் 110 தண்டனைகளும் ரத்தாகி, ரெக்கார்டில் 'ஹானரபிள்' என்று எழுதச் சொல்லி உத்தரவு வந்தது.

தூக்கில் போனவர்களில் 17 பேர் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மயானத்தில் கிடக்கிறார்கள். அவர்களின் கல்லில் நூறு வருஷமாகப் பெயரும் இறந்த தேதியும் மட்டும்தான் இருந்தன. 2024 பிப்ரவரியில் அந்தக் கற்களை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். பக்கத்துக் கல்லறைகளில் இருப்பது போலவே இப்போது அவற்றிலும் பதவி, படைப்பிரிவு, சொந்த மாநிலம் எல்லாம் இருக்கின்றன.