கடன் வாங்கி வேலைக்குப் போய் மாட்டிக்கிட்டா, சட்டம் பணத்தைத் திருப்பித் தருமா?

எஸ்ஐபி, டேக்ஸ், ஹோம் லோன்னு பேசுற இடத்துல இன்னிக்கு ஆள்கடத்தல் பத்திப் பேசப் போறோம். "இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"னு தோணலாம். ஆனா தொழிலாளர் கடத்தல்ல பெரும்பாலும் ஆளைக் கட்டிப் போடுறது கயிறு இல்ல, கடன்.

"வெளிநாட்டுல வேலை ரெடி, மூணு லட்சம் கட்டினா போதும்" மாதிரி மெசேஜ் நம்மில் பலருக்கு வந்திருக்கும். அதை நம்பிக் கடன் வாங்கிப் போய் மாட்டினவர் மீண்டு வந்த பிறகு கேக்குற கேள்வி ரொம்ப எளிமையானது. ஏமாத்தினவன் ஜெயிலுக்குப் போறது சரி, என் பணம்? என் சம்பளம்? என் கடன்?

இதுக்குப் பதில் தெரிஞ்சுக்க ஒரு உண்மை வழக்கைப் பார்ப்போம்.

சிக்னல் வழக்கு: 10 மாத விசா, வாழ்நாள் கடன்

2005ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடா கடற்கரையைப் புரட்டிப் போட்டது. அங்கே எண்ணெய் கிணறு மேடைகளைப் பழுது பார்க்கும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் அழைத்துப் போகப்பட்டார்கள்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டது கிரீன் கார்டு, குடும்பத்தோடு நிரந்தரக் குடியேற்றம். கையில் கிடைத்தது சுமார் 10 மாதத்துக்கான எச்-2பி தற்காலிக விசா. இதற்காக ஒவ்வொருவரும் கட்டியது 10,000 முதல் 20,000 டாலர் வரை. அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் முதல் ஒன்பது லட்சம் ரூபாய். வீட்டை அடமானம் வைத்தவர்கள், நிலத்தை விற்றவர்கள், வட்டிக்கு வாங்கியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அங்கே போனால் வேலி போட்ட முகாம். ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை. அந்தப் படுக்கைக்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். 2007 மார்ச்சில் சிலர் ஒன்று சேர்ந்து கேள்வி கேட்டபோது, விடிவதற்கு முன்பே காவலாளிகளை வைத்துப் பிடித்து, ஊருக்குத் திருப்பி அனுப்ப முயன்றார்கள். 2008 மார்ச்சில் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்து வழக்குத் தொடுத்தார்கள்.

"பூட்டி வைக்கலையே, கிளம்பி வந்திருக்கலாமே?"

இது எல்லாருக்கும் வர்ற சந்தேகம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஊர்ல ஒன்பது லட்சம் கடன், மாசா மாசம் வட்டி. விசா அந்த ஒரே முதலாளியோட பேர்ல. வேலையை விட்டா விசா போச்சு, ஊருக்குத் திரும்பினா வீடு போச்சு. பூட்டு எதுக்கு?

அமெரிக்கச் சட்டம் இதைப் புரிந்து வைத்திருக்கிறது. அடி உதை இருந்தால்தான் கட்டாய உழைப்பு என்று இல்லை. பண இழப்பைக் காட்டி மிரட்டுவது, "போலீஸ்ல சொல்லி நாடு கடத்துவேன்" என்று சட்டத்தையே ஆயுதமாக்குவது, இதெல்லாமே அதில் அடங்கும். நம்ம உச்ச நீதிமன்றமும் 1982ல் ஆசியாட் வழக்கில் இதே திசையில் தீர்ப்பு சொன்னது: வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வேலை செய்தால், அது அரசியல் சாசனத்தின் 23வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான்.

அங்கே என்ன நிவாரணம்?

அமெரிக்காவில் 2003 முதல், பாதிக்கப்பட்டவரே சிவில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கலாம். போலீஸ் கேஸ் போட்டால்தான் ஆச்சு என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2008 திருத்தத்துக்குப் பிறகு, நேரடியாகக் கடத்தியவர் மட்டுமல்ல, தெரிந்தே அதில் லாபம் பார்த்தவர் மேலும் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கலாம். கால அவகாசம் 10 ஆண்டுகள். தகுதி உள்ளவர்களுக்கு 4 ஆண்டு தங்கும் உரிமை தரும் 'டி விசா'வும் உண்டு.

நம்ம சேனல் பாக்குறவங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம்: 2021ல் வந்த ஒரு சட்டப்படி, கடத்தலால் உண்டான மோசமான கடன் பதிவுகளை அந்த நபரின் கிரெடிட் ரிப்போர்ட்டில் காட்டக் கூடாது. கடனும் சுரண்டலின் ஒரு பகுதி என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

சரி, சிக்னல் வழக்கு என்ன ஆச்சு? 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி, முதல் 5 தொழிலாளர்களுக்கு சுமார் 1.4 கோடி டாலர் வழங்கச் சொன்னது. கம்பெனி மட்டுமல்ல, ஆள் எடுத்த ஏஜென்டும் விசா வேலை பார்த்த வக்கீலும் பொறுப்பு என்றது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கடைசியில் 200க்கும் மேற்பட்டவர்களுக்கும் சேர்த்து 2 கோடி டாலருக்கு சமரசம் ஆனது.

அதாவது தீர்ப்புல வர்ற தொகை வேற, கைக்கு வர்ற தொகை வேற. நடுவில் ஏழு வருஷம் போயிருந்தது.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

*கடன் ரத்து.* 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, வேலையோடு பிணைத்துக் கொடுத்த முன்பணக் கடன் செல்லாது. ரத்தான அந்தக் கடனை வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறை. கடனுக்காக எடுத்துக்கொண்ட சொத்தைத் திருப்பித் தர வேண்டும். "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது மாவட்ட நிர்வாகம். கலெக்டரிடமோ ஆர்டிஓவிடமோ மனு கொடுத்து, விடுதலைச் சான்றிதழ் வாங்குவதுதான் முக்கியமான படி.

*மறுவாழ்வுத் தொகை.* மத்திய அரசுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமையான நிலையில் மீட்கப்பட்டால் 3 லட்சம் ரூபாய். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை. முழுத் தொகை வழக்கோடு பிணைந்திருப்பதால் தாமதம் ஆவதுண்டு.

*சம்பளப் பாக்கி.* 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 3 ஆண்டுக்குள் பாக்கியைக் கோரலாம். பாக்கியோடு, அதைப் போல 10 மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளி. இது ஆபீஸ் வேலை பார்க்கிற நமக்கும் பொருந்தும்.

*இலவச வக்கீல்.* ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100க்கு போன் பண்ணலாம்.

நம்ம மாட்டுற இடம் இதுதான்

கொத்தடிமைச் சட்டம் ரத்து செய்வது, வேலை வாங்குபவர் பிணைத்த கடனை. ஏஜென்டுக்குக் கட்ட நீங்க பேங்க்ல வாங்கின பர்சனல் லோனையோ, அம்மா நகை மேல எடுத்த கோல்டு லோனையோ அது தொடாது. நீங்க மியான்மர்லயோ கம்போடியாவுலயோ ஒரு சைபர் மோசடி முகாமில் மாட்டியிருந்தாலும் இஎம்ஐ தேதி தள்ளிப் போகாது. சிபில் ஸ்கோரும் இறங்கும். அமெரிக்காவில் இருப்பது போல கிரெடிட் ரிப்போர்ட்டுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே இல்லை.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க:

1. ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. அதற்கு மேல் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். நாளைக்கு நஷ்ட ஈடு கேட்கும்போது, கொடுத்ததைக் காட்ட அதுதான் இருக்கும்.

3. ஆஃபர் லெட்டர், ஒப்பந்தம், விசா, வாட்ஸ்அப் உரையாடல், வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். போனைப் பிடுங்கினாலும் ஆதாரம் ஊர்ல இருக்கும்.

4. விசாவில் என்ன வகை, எத்தனை மாதம் என்று நீங்களே படியுங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் போகாதீர்கள்.

5. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. "எங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று ஒரு முதலாளி வாங்கி வைத்தால், முதல் எச்சரிக்கை மணி அதுதான். தூதரகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள்.

மாட்டி மீண்டு வந்தவரைப் பார்த்து "பேராசை பட்டான்"னு சொல்றது நம்ம ஊர்ல சகஜம். அந்த வெட்கத்தால பலர் புகாரே கொடுக்காம, யாரோ பண்ணின குற்றத்துக்குத் தானே வட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. சம்பளப் பாக்கி கேக்க 3 வருஷம்தான் அவகாசம். அப்படி ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா, 15100ங்கிற நம்பரை இன்னிக்கே அவருக்கு அனுப்புங்க.