தொழிலும் வேண்டும், சான்றிதழும் வேண்டும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், சொந்த ஊரைவிட்டு வந்து மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கவலைதான். மகன் தேறிவிட்டான், ஆனால் மதிப்பெண் போதாது. தகப்பனார் பெயின்டராகவோ கொத்தனாராகவோ உழைக்கிறார். தாயார் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். வாடகையோ மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. அந்நேரத்தில் ஊர்க்காரர் ஒருவர், "பையனை என் பட்டறையில் விடுங்க அண்ணாச்சி, தொழிலும் படிப்பான், கையில காசும் பார்ப்பான்" என்கிறார். மறுவாரமே மகன் பட்டறைக்குப் போகிறான்.

பையன் கெட்டிக்காரன். மூன்று ஆண்டுகளில் வெல்டிங் அவனுக்குக் கைவந்துவிடுகிறது. ஐந்தாம் ஆண்டில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுச் செல்கிறான். வாயிலில் அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சர்டிபிகேட் எங்கே?" என்பதுதான். அவனைவிட அனுபவம் குறைந்தவன், கையில் ஒரு காகிதம் இருப்பதால் உள்ளே செல்கிறான். ஐந்தாண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்ல இவனிடம் ஒன்றுமில்லை.

இந்நிலை நம் பிள்ளைகளுக்கு நேரிடாதபடி காக்கும் வழி ஒன்று உண்டு. அதுவே 'அப்ரென்டிஸ்' என்று நாம் சொல்லும் தொழிற்பழகுநர் பயிற்சி.

பழகுநர் என்பவர் யார்?

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, நிறுவனம் ஒன்றோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு, வேலைத்தலத்திலேயே தொழிலைக் கற்பவரே பழகுநர். குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. பிள்ளை வயதுவராதவராயின், பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசிடம் பதிவு செய்யப்படுகிறது. வாய்ப்பேச்சாய்ப் பட்டறையில் விடுவதற்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

இப்பயிற்சிக்குள் நுழைய இரு வாசல்கள் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்து நேரடியாகச் சேர்வோர் முதலில் அடிப்படைப் பயிற்சி பெற்று, பிறகு இயந்திரத்தருகே செல்கின்றனர். ஐ.டி.ஐ. முடித்துச் சேர்வோருக்கு அடிப்படை ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு 1 ஆண்டு. பிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள் 2 ஆண்டுகள். ஒரு பிட்டர் மாணவன் முதலில் கற்பது, இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் சமமாக ராவுவதைத்தான். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கும்போது இடையில் வெளிச்சம் தெரிந்தால் மீண்டும் ராவ வேண்டும். பொறுமையைக் கற்பிக்கும் பாடம் அது. அவசர வேலை குவிந்து கிடக்கும் பட்டறையில் இதைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

சட்டம் பட்டியலிட்டுள்ள தொழில்களில் பயிற்சியை முடித்து, தேர்விலும் வெற்றி பெறுவோருக்குத் தேசியப் பழகுநர் சான்றிதழ் வழங்கப்படுகிறது. இது நாடெங்கும் செல்லும். மாநிலம்விட்டு மாநிலம் பெயரும் நம்மைப் போன்றோருக்கு இது சிறிய காரியமன்று. ரயில்வே பணிமனைகளில் பயிற்சி முடித்து இச்சான்றிதழ் பெற்றோருக்கு, ரயில்வேயின் முதல்நிலைப் பணியிட நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

வருமானம் என்ன?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. பழகுநருக்குக் கிடைப்பது சம்பளமன்று, உதவித்தொகை. 2019ஆம் ஆண்டின் விதித்திருத்தம், கல்வித் தகுதிக்கேற்ப இதன் குறைந்தபட்ச அளவை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தது. ஒப்பந்தம் செய்யும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையைக் கேட்டறிந்து கையொப்பமிடுங்கள். பட்டறைக் கூலியைவிட இது குறைவாக இருக்கக்கூடும். அந்த ஓரிரு ஆண்டுகள் குடும்பம் இறுக்கிப் பிடித்தே வாழ வேண்டியிருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆயினும் உதவியாளாகவே முப்பது வயதைத் தொடுகிற மகனின் இழப்பையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள்.

கண் திறந்து கையொப்பமிடுங்கள்

இப்பயிற்சியிலும் குறைகள் உண்டு. சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே சில இடங்களில் பழகுநரை மலிவான கூலியாளாக மட்டும் நடத்தி, பெருக்கவும் சுமக்கவும் விட்டுவிடுகின்றனர்.

ஆனால் சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை. செய்யும் உருப்படிகளை எண்ணிப் பழகுநருக்குப் பணம் தரக் கூடாது. பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய விதிகள் அவருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது காயமுற்றால் நிறுவனம் ஈடு தர வேண்டும். நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு உண்டு. அதேபோல் பிள்ளை காரணமின்றி இடையில் விட்டுவந்தால், பயிற்சிச் செலவைத் திருப்பித் தரும்படி பெற்றோரிடம் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே சேர்க்குமுன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ஒப்பந்தம் பதிவு செய்யப்படுமா? எந்தத் தொழில், எத்தனை மாதம்? கற்பிப்பவர் யார்? முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டா? ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

"இவ்வளவு கொடுத்தால் ரயில்வேயில் சேர்த்துவிடுகிறேன்" என்று வரும் தரகர்களை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். ரயில்வேயில் பழகுநர் தெரிவு, பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண்களின் அடிப்படையில் நடைபெறுகிறது. தாலியை அடகு வைத்துத் தரகரிடம் கொடுக்கும் பணம் திரும்பி வருவதில்லை.

பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள். இவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தகப்பனாரின் பெயர் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் வருவதால் அலைந்து திரியும் தமிழ்ப் பிள்ளைகள் அநேகர்.

மகள்களையும் மறவாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ், கணினி, தையல் மட்டுமன்றி, பிட்டர் பயிற்சியும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

ஏற்கெனவே பட்டறையில் ஆண்டுகளைக் கழித்துவிட்ட பிள்ளைக்கும், வயது கடந்துவிடவில்லையெனில், வாசல் அடைபடவில்லை. கற்ற தொழில் அவனுக்கு வீணாகாது. பயிற்சியில் மற்றவரைவிட விரைவாக முன்னேறுவான். மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் எதைக் கழற்றிப் பூட்டுகிறான், எதைப் பழுதுபார்க்கிறான் என்று கவனியுங்கள். விடைத்தாளில் தெரியாத திறமை கையில் இருக்கக்கூடும். அந்தக் கைக்குத் தொழிலோடு சான்றிதழும் கிடைக்க வழி செய்வது பெற்றோராகிய நம் கடமை.