பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில், தாமிரபரணிக் கரையில் உள்ள தொல்லியல் மேட்டில் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வுகளில் முதுமக்கள் தாழிகளோடு இரும்பாலான ஆயுதங்களும் பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. பொன் பொன்னாகவே இருந்தது; இரும்பு துருவேறியிருந்தது. ஆக்சிஜனோடு வினைபுரிந்து இரும்பு சிதையும் இந்நிகழ்வே ஆக்சிஜனேற்றம் எனப்படுகிறது. கடும் பயிற்சி மேற்கொள்ளும் விளையாட்டு வீரரின் உடலும் இவ்வாறே "துருப்பிடிக்கிறது" என்றும், அதனைத் தடுக்க எதிர் ஆக்சிஜனேற்றி மாத்திரைகள் தேவை என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. இவ்வுவமையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி வீரர்களைத் தவறான வழியில் செலுத்தக்கூடியது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனின் பெரும்பகுதி, செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்திக்குப் பயன்பட்டு நீராக மாறுகிறது. மிகச் சிறிய பகுதி மட்டும் தனி உறுப்புகள் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளாக மாறுகிறது. இவை அருகிலுள்ள கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் ஆகியவற்றைத் தாக்கும் இயல்புடையவை. இவற்றைச் செயலிழக்கச் செய்வதற்கென உடல் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளைத் தானே உற்பத்தி செய்கிறது. உற்பத்தியாகும் தனி உறுப்புகளின் அளவு இந்தப் பாதுகாப்பின் திறனை மிஞ்சும்போது ஏற்படும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஆகும்.

கடும் உழைப்பின்போது இயங்கும் தசையின் ஆக்சிஜன் பயன்பாடு, ஓய்வு நிலையைப் போல் 100 மடங்கு வரை உயரக்கூடும். 1982 இல் வெளியான ஓர் ஆய்வில், களைத்து விழும்வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் தனி உறுப்புகள் 2 முதல் 3 மடங்கு கூடியிருந்தது நேரடியாக அளந்து காட்டப்பட்டது. ஆக்சிஜன் பயன்பாடு 100 மடங்கு உயர்ந்தாலும் தனி உறுப்புகள் அதே விகிதத்தில் பெருகுவதில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. தசை சுருங்கும்போது அவற்றின் முக்கிய ஊற்று மைட்டோகாண்ட்ரியா அன்று, செல் சவ்வில் அமைந்துள்ள சில நொதிகளே என்று பிற்கால ஆய்வுகள் கருதுகின்றன.

பயிற்சி பெற்ற உடலில் நிகழும் மாற்றம்

துரு உவமை தவறுவது இவ்விடத்தில்தான். இரும்பு எத்தனை முறை ஈரத்தில் நனைந்தாலும் அதற்கு எதிர்ப்பாற்றல் வளர்வதில்லை. உயிருள்ள தசைக்கு வளர்கிறது. பயிற்சியின்போது அளவோடு தோன்றும் தனி உறுப்புகள், செல்லுக்கு ஓர் அறிவிப்பாகவும் செயல்படுகின்றன. அந்த அறிவிப்பைப் பெறும் செல், பாதுகாப்பு நொதிகளை உருவாக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது. புதிய மைட்டோகாண்ட்ரியாவை உண்டாக்குகிறது. சிதைந்த பகுதிகளைப் பழுதுபார்க்கிறது. வாரக்கணக்கில் தொடரும் முறையான பயிற்சியால் இப்பாதுகாப்பின் அளவே உயர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே வேகத்தில் ஒரே தொலைவு ஓடும் இருவரில், பயிற்சி பெற்றவரின் உடலில் ஆக்சிஜனேற்றச் சேதம் பொதுவாகக் குறைவாகவே காணப்படும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, எதிர்பாராத ஒரு துறையிலிருந்து கிடைக்கிறது. தூத்துக்குடிக் கடலில் 1961 ஆம் ஆண்டு வரை முத்துக்குளித்தல் நடைபெற்றது. கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி சேகரித்து, கயிறு பிடிப்பவரின் துணையோடு மேலேறுவது குளியாளரின் தொழில். ஒரு நாளில் பலமுறை இவ்வாறு மூழ்க வேண்டும். ஆக்சிஜன் குறைவதும், மேலேறியவுடன் அது மீண்டும் பெருகிப் பாய்வதும் தனி உறுப்புகளைத் தோற்றுவிக்கும் சூழ்நிலையே ஆகும். முத்துக்குளியாளரிடம் இதனை அளந்து பார்க்கும் காலம் வருமுன்பே அத்தொழில் நின்றுவிட்டது. எனினும், பல ஆண்டுகள் மூச்சடக்கி மூழ்கும் பயிற்சி பெற்றவர்களைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சை அடக்கி உழைத்தபின் மற்றவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றத்தின் அறிகுறிகள் தோன்றின. பயிற்சி பெற்றவர்களிடம் அவை தோன்றவில்லை. இது பிறவித் திறனா, பயிற்சியின் விளைவா என்ற வினா இயல்பாகவே எழும். அதே குழுவினர் முத்தடகளப் போட்டி வீரர்களுக்கு 3 மாத மூச்சடக்கும் பயிற்சி அளித்து, 2003 இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடையளித்தது: பயிற்சிக்குப்பின் அவர்களிடமும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைந்தது.

இதனைப் படித்துவிட்டு எவரும் நீச்சல் குளத்திலோ கடலிலோ தனியாக மூச்சடக்கிப் பழகுதல் கூடாது. குறிப்பாக, மூழ்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவது, மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதலைத் தாமதப்படுத்தி, நீருக்கடியிலேயே நினைவிழக்கச் செய்யும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் இவ்வாறு உயிரிழந்துள்ளனர்.

மிகக் கடுமையான போட்டிக்குப்பின்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் நெடுந்தொலைவுப் போட்டியில் கலந்துகொண்ட, நன்கு பயிற்சி பெற்ற வீரர்களை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். போட்டி முடிந்தவுடன் ஆக்சிஜனேற்றக் குறியீடுகள் உயர்ந்திருந்தன. 5 நாட்களுக்குள் பெரும்பாலும் இயல்பு நிலைக்குத் திரும்பின. எனவே, ஓய்வு கிடைக்கும்வரை இவ்வுயர்வு தற்காலிகமானதே. ஓய்வின்றி அடுத்தடுத்துக் கடும் பயிற்சி, போதிய உறக்கமின்மை, உணவுக் குறைவு, தூத்துக்குடியின் கோடை வெயில் ஆகியவை ஒன்றுசேரும்போதுதான் உடலின் பழுதுபார்க்கும் ஆற்றல் பின்தங்குகிறது.

மாத்திரைகள் உதவுமா?

பெற்றோரும் பயிற்சியாளர்களும் மிகுதியாகக் கேட்கும் வினா இதுவே. 2009 இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், இளைஞர்கள் 4 வாரம் உடற்பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 சர்வதேச அலகு வைட்டமின் ஈ வழங்கப்பட்டன. பயிற்சியால் இன்சுலின் செயல்திறன் மேம்படும் என்பது அறிந்ததே. மாத்திரை உட்கொள்ளாதவர்களிடம் அது மேம்பட்டது, உட்கொண்டவர்களிடம் மேம்படவில்லை. 2014 இல் நார்வேயில் 11 வாரம் நடைபெற்ற ஆய்விலும், மாத்திரை உட்கொண்டவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள் மட்டுப்பட்டன. அவர்களின் ஓட்டத் திறன் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், செலவிட்ட பணத்திற்கு எவ்விதப் பயனும் கிட்டவில்லை. உடலுக்குச் செல்லவேண்டிய அறிவிப்பை மாத்திரை இடையிலேயே அணைத்துவிடுகிறது எனலாம். பயிற்சிக்குப் பிந்தைய தசைவலியையும் இம்மாத்திரைகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை.

ஒரு வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. பெரிய நெல்லிக்காய் ஒன்றே இதனை ஏறத்தாழ நிறைவு செய்யும். கொய்யாவும் முருங்கைக்கீரையும் இவ்வகையில் சிறந்தவை. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதிக்குத் தேவையான செலினியம் கடல் மீன்களில் உண்டு. நமது கரையில் எளிதாகக் கிடைக்கும் சாளை மீன் போதும். நிலக்கடலையில் வைட்டமின் ஈ உள்ளது. கோவில்பட்டியில் ஹாக்கி பயிலும் மாணவருக்கு ஊர்க் கடலைமிட்டாய் தவறான தேர்வன்று. சர்க்கரையின் அளவை மட்டும் நினைவில் கொள்க.

வைட்டமின் அல்லது குளூட்டாதயோன் கலந்த திரவத்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளும் வழக்கம் சில நகரங்களில் பரவி வருகிறது. மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக அன்றி, 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியே எதனை ஏற்றினாலும் அது உலக ஊக்கமருந்து தடுப்பு விதிகளின்படி குற்றமாகும். ஏற்றப்பட்டது வைட்டமினே ஆயினும் தடை பொருந்தும். இரும்புச்சத்து மாத்திரைகளையும் இரத்தப் பரிசோதனையின்றி உட்கொள்ளலாகாது. மிகையான இரும்பு, தனி உறுப்புகளின் உற்பத்தியைத் தூண்டக்கூடியது. அதே வேளையில், இரத்தசோகை உள்ள வீராங்கனையருக்கு மருத்துவர் அளித்த மாத்திரையை அச்சத்தால் நிறுத்திவிடுதலும் தவறு.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் பயிற்சித்திறன் குறைந்துகொண்டே வருதல், ஓய்வெடுத்தும் நீங்காத களைப்பு, காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருத்தல், உறக்கம் கெடுதல், அடிக்கடி சளி பிடித்தல், மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை மிகைப் பயிற்சியின் அறிகுறிகளாக இருக்கலாம். கடும் பயிற்சிக்குப்பின் சிறுநீர் கரும்பழுப்பு நிறமாக வெளியேறினால், தசைச் சிதைவால் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பதாகக் கூறித் தனியே விற்கப்படும் இரத்தப் பரிசோதனைகள் இந்நிலைகளில் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவுவதில்லை. பயிற்சி நேரம், உறக்கம், உணவு ஆகியவற்றைக் குறித்துவைத்த நாட்குறிப்பு ஒன்றை உடன் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு அதுவே கூடுதலாகப் பயன்படும்.