வேரை மண்ணிலேயே விடுங்கள்

மீளக்குடியேறிய எமது கிராமங்களில் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் பலர் வளவிலோ சிறு காணியிலோ பயறு, உழுந்து, கௌபி, கச்சான் போடுகிறார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதும் பசளை விலை பல மடங்காகியிருந்தது. கடன்பட்டுப் பசளை வாங்கிய பெண்களுக்கு அந்தச் சுமை நன்கு தெரியும். ஆனால் காசில்லாமல் கிடைக்கும் ஒரு பசளை இந்தப் பயிர்களின் வேரிலேயே உண்டாகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 78 வீதம் நைதரசன். பயிர் செழித்து வளர இது அவசியம். எனினும் காற்றிலுள்ள நைதரசனைப் பயிர்கள் தாமாக எடுக்க முடியாது. தொழிற்சாலையில் அதை உரமாக்கப் பெரும் வெப்பமும் அமுக்கமும் வேண்டும். றைசோபியம் என்னும் பக்டீரியா அந்த வேலையை மண்ணுக்குள் சத்தமின்றிச் செய்கிறது. ஒரேயொரு கலத்தாலான, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இது. அவரை இனப் பயிர்களின் வேரில் புகுந்து சிறு முடிச்சுகளில் வாழ்கிறது. செடி அதற்குச் சீனிச்சத்தைக் கொடுக்கிறது. அது செடிக்கு நைதரசனைக் கொடுக்கிறது. ஒல்லாந்து அறிஞர் பையரிங்க் 1888இல் இந்த நுண்ணுயிரை வேர் முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார்.

இதை நீங்களே பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி, வேரைக் கழுவுங்கள். முடிச்சொன்றை நகத்தால் கிள்ளும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது. முடிச்சு கழன்று வராமல் வேரே வீங்கியிருந்தால் அது வட்டப்புழுத் தாக்கமாக இருக்கலாம். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

இந்தப் பயிர்களுக்கு யூரியாவை அள்ளிப்போடாதீர்கள். போட்டால் முடிச்சுகள் குறையும், காசும் வீண். வேரில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். நுண்ணுயிருக்கும் காற்று வேண்டும்.

அறுவடை முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பது எம்மிடையே உள்ள வழக்கம். சேர்ந்த நைதரசனில் பெரும்பகுதி விதையோடு வீட்டுக்கு வந்துவிடும். மிகுதி இலையிலும் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. எரித்தால் அது புகையாகப் போய்விடும். ஆகவே பயறு, உழுந்து, கௌபியை அடியில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள். கச்சானைப் பிடுங்கத்தான் வேண்டும். கொடியை மண்ணில் தாழ்த்துங்கள். நோய் பிடித்த செடிகளை மட்டும் அகற்றிவிடுங்கள். அடுத்த போகத்தில் அதே இடத்தில் மிளகாயோ கத்தரியோ சோளமோ வையுங்கள்.

மாட்டெருவும் குப்பைப் பசளையும் இன்னமும் தேவைதான். ஆனால் வாங்கும் யூரியா குறையும். அந்தளவுக்குக் கடையில் எழுதும் கடனும் குறையும்.