அயல்வீட்டு நாய் காணாமற்போனால் நமக்கென்ன?

நோன்புப் பெருநாளின் தலைப்பிறை இரவு. பிறை கண்ட அறிவித்தல் வந்து பள்ளிவாசலில் தக்பீர் முழங்கத் தொடங்கிய கையோடு எங்கள் தெருப் பையன்கள் வெடி கொளுத்த ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி எங்கள் கேற்றடியில் நின்றார். எழுபது வயதைத் தாண்டிய சிங்களப் பெண்மணி. ஒரே மகன் கொரியாவில் வேலை செய்கிறார். வீட்டில் அவருக்குத் துணை சூட்டி என்ற நாய் மட்டும்தான். இரவு வெடிச்சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். வெடி கொளுத்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் என் மகன்.

அன்று பின்னேரம் நாங்கள் செய்தது முழுக்கப் பிழை. குற்றவுணர்ச்சியோடு ஏழெட்டுப் பையன்கள் நான்கு மோட்டார் சைக்கிள்களில் கிளம்பினார்கள். பாடசாலைக்குப் பின்னாலுள்ள கானுக்குள் நாய் பதுங்கியிருப்பதையும் கண்டுவிட்டார்கள். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு இரண்டு பக்கத்தாலும் நெருங்க, அது பாய்ந்து பிரதான வீதியைக் கடந்து, ஒரு லொறியில் மயிரிழையில் தப்பி, தேயிலைத் தோட்டப் பக்கம் ஏறி மறைந்தது. வீட்டிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இருந்த நாயை நாங்களே இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் விரட்டினோம்.

பிறகுதான் ஒரு கால்நடை வைத்தியரிடம் விசாரித்தேன். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். மெல்லிய சத்தமும் அதற்குத் தெளிவாகக் கேட்கும் என்பதால் நமக்கு விளையாட்டான வெடி அதற்கு உயிர்ப் பயம். அப்படிப் பயந்து ஓடிய நாய்க்கு அந்த நேரத்தில் தன் பெயரும் தெரியாது, சில வேளை சொந்தக்காரரையும் தெரியாது. தன்னை நோக்கி வரும் எவரையும் துரத்துபவராகவே பார்க்கும். ஆகவே அதைப் பிடிக்கப் போகக் கூடாது. அது ஓரிடத்தில் தங்குவதற்கு வழி செய்துவிட்டு, சொந்தக்காரரை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டும்.

எல்லா நாயும் ஒரே மாதிரித் தொலைவதில்லை என்பதையும் அவர் விளக்கினார். பயந்த நாய் பகலில் புதரிலோ மதகுக்குக் கீழோ ஒளிந்திருந்து, ஆளரவம் அடங்கிய பிறகு தண்ணீருக்கும் தீனிக்கும் வெளியே வரும். ஆட்களோடு பழகிய நாய் யாராவது கூப்பிட்டால் பின்னால் போய்விடும். அதை வேறொரு வீட்டில் கட்டி வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள். கருத்தடை செய்யாத ஆண் நாய் பெட்டையைத் தேடிப் போயிருக்கலாம். கண்ணோ காதோ மங்கிய கிழட்டு நாய் நடந்துகொண்டே போய்த் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். எந்த வகை என்று முதலில் ஆச்சியிடம் கேட்டிருந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்தே இருக்கமாட்டோம்.

இதற்கிடையில் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பேச்சு வந்தது. பெருநாளும் அதுவுமாக முஸ்லிம் பிள்ளைகள் நாய்க்குப் பின்னால் அலைவதா என்று மதிப்புக்குரிய ஒரு பெரியவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நம்மில் பலருடைய மனதில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

நான் ஆலிம் அல்லன், ஒரு பாடசாலை ஆசிரியன். ஆனாலும் மத்ரஸாவில் படித்த மட்டில் சொல்கிறேன். நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். உலர்ந்த நிலையில் பட்டால் அந்த நஜீஸ் ஒட்டுவதில்லை. ஹனபி மத்ஹபில் எச்சில்தான் அசுத்தம். மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமான பிராணி. இவையெல்லாம் கழுவுவது பற்றிய சட்டங்கள். வெறுப்பது பற்றிய சட்டம் ஒன்றும் இவற்றில் இல்லை. வேட்டை, மந்தை, பயிர்க் காவல் ஆகிய தேவைகளுக்கு அன்றி நாய் வளர்ப்பதைத் தடுக்கும் ஹதீஸ் உண்டு என்பதும் உண்மை. அதே ஹதீஸ் கிரந்தங்களில்தான், தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதர் மன்னிக்கப்பட்ட செய்தியும் இருக்கிறது. குகைத் தோழர்களின் நாயை அல்குர்ஆன் ஸூரத்துல் கஹ்பில் அவர்களோடு சேர்த்தே எண்ணுகிறது.

பெரியவரிடம் இதையெல்லாம் நான் விரிவாகப் பேசவில்லை. 2018 மார்ச்சில் திகன பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த நாட்களில் எங்கள் காணி உறுதிகள் எங்கே இருந்தன என்று மட்டும் நினைவூட்டினேன். அவை ஆச்சியின் அலுமாரியில், அவருடைய சேலைகளுக்கு அடியில் இருந்தன. பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்தப் பக்கம் தேடினீர்கள் என்று கேட்டார்.

அடுத்து எழுந்தது ஒலிபெருக்கிப் பிரச்சினை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் கொடுத்தால் ஊரே அறிந்துவிடும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். காணாமற்போன பொருளைப் பள்ளிவாசலுக்குள் கூவித் தேடுவதைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை இமாம் எடுத்துச் சொன்னார். வெளியே, வாசலில் நின்று அறிவிப்பதை அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். எனவே தொழுகை முடிந்து வெளியே வருபவர்களிடம் கேற்றுக்கு வெளியே நின்று சொல்வதென்று முடிவாயிற்று. யோசித்துப் பார்த்தால் அதுதான் பயன்மிக்கதும்கூட. ஒலிபெருக்கியில் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், எவரும் பதில் சொல்ல மாட்டார்கள். நேரில் கேட்டபோது, சுபஹுக்கு வந்த ஒருவர் விடியற்காலையில் தோட்டப் பாதையில் மண்ணிற நாயொன்றைக் கண்டதாகச் சொன்னார்.

அதிலிருந்து ஓர் எண்ணம் வந்தது. ஊரில் யாருடைய கண்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன? பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் சூன் பாண்காரர், காலையில் மீன் பெட்டியோடு வருபவர், பால் சேகரிப்பவர், குப்பை அள்ளும் பிரதேச சபை ஊழியர்கள், சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர்கள், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள். நூறு பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவைவிட இந்தப் பத்துப் பேர் மேல். குழுவிலும் போட்டோவைப் போட்டோம். அங்கே அனுதாபம் நிறைய வந்தது, அழுகிற முகங்களும் வந்தன, தகவல் ஒன்றும் வரவில்லை.

துண்டுப் பிரசுரத்தை என் வகுப்பு மாணவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார்கள். பெரிய எழுத்து, ஒரு போட்டோ, ஒரு தொலைபேசி இலக்கம். கீழே தடித்த எழுத்தில்: துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம், கண்ட இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். ஓர் அடையாளத்தை வேண்டுமென்றே எழுதாமல் விட்டோம். சூட்டியின் பின்னங்கால் நகமொன்று வெள்ளை. அது எவ்வளவு தேவைப்பட்டது என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. நாய் தன்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தர 2000 ரூபா ரீலோட் போடுங்கள் என்று ஒருவர் அழைத்தார். எந்தக் காலில் என்ன அடையாளம் என்று கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

கண்டெடுத்த பொருள் பற்றிய மார்க்கச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கண்டெடுத்தவர் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. உரிமை கோரி வருபவர் அடையாளத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதே ஹதீஸில் தொலைந்த ஒட்டகம் பற்றியும் கேட்கப்பட்டது. அதற்குக் காலும் இருக்கிறது, நீர்ப் பையும் இருக்கிறது, சொந்தக்காரர் வந்து காணும்வரை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. இதை நாய்க்குச் சட்டமாக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் துரத்திய எங்கள் பையன்களிடம் அந்த ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னபோது அவர்களுக்குச் சட்டென்று விளங்கியது.

பெற்றோர்கள் ஒரு விடயத்தில் கட்டாயம் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிள்ளைகள் எந்த நாயையும் தொடக் கூடாது. பழகிய நாய்கூடப் பயத்தில் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ உடனடியாகச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். சூட்டிக்குத் தடுப்பூசி போட்ட அட்டை ஆச்சியிடம் இருந்ததால்தான் இந்தத் தேடலுக்கே நான் சம்மதித்தேன். நாயைப் பதிவு செய்யும் சட்டம் இந்த நாட்டில் 1901 முதல் இருக்கிறது என்பதை வளர்ப்பவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் காலை, பாண்காரர் வழியாகத் தகவல் வந்தது. தோட்டத்தில் பாவிக்காமல் கிடக்கும் பழைய கொழுந்து மடுவத்துக்குள் ஒரு நாய் இருப்பதாக லயத்துப் பெண் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். சோற்றையும் தண்ணீரையும் வைத்துவிட்டு ஒதுங்கியிருக்குமாறு சொல்லி அனுப்பினோம். ஆச்சியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நாங்கள் மூன்று பேரும் கீழே பாதையில் நின்றுவிட்டோம். அவர் மட்டும் தன் பழைய சீத்தையொன்றை மடியில் போட்டுக்கொண்டு மடுவத்து வாசலில், நாய்க்கு முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவே இல்லை. முக்கால் மணித்தியாலம் இருக்கும். முதலில் சீத்தையை மோந்தது, பிறகு அவருடைய தோளை.

முதல் நாள் இரவு பெய்த மழையில் நாய் நன்றாக நனைந்திருந்தது. வண்டியின் பின் ஆசனத்தில் தடித்த பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் சாக்கொன்றைப் போட்டுத்தான் ஏற்றினார் சாரதி. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்தான். ஆச்சியை இறக்கிவிட்ட பிறகு சாக்கையும் பொலித்தீனையும் தூக்கி எறிந்துவிட்டு, வேலி ஓரத்தில் ஒரு பிடி மண் அள்ளினார்.

"சீட் காய்ஞ்சுதானே இருக்கு, தேவல்லயே" என்றேன்.

"மனசுக்கு இருக்கட்டும் சேர்" என்று சொல்லி வாளியை எடுத்தார். என் மகன் போய்த் தண்ணீர் ஊற்றினான்.